ஒரு நாள்கூட விடாமல்

பத்து ஆண்டுப் பள்ளிப் படிப்பில் நான் வாங்கிய பரிசு ஒன்றே ஒன்றுதான். அதை எதற்காக வாங்கினேன் என்று சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். கணக்கிலோ ஆங்கிலத்திலோ முதலாவதாக வந்ததற்கு அல்ல. ஓடியதற்கும் பாடியதற்கும் அல்ல. பள்ளிக்கு வந்ததற்கு. ஆண்டின் முதல் பள்ளி நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரு நாள் விடாமல், ஒரு நிமிடம் தாமதிக்காமல் வந்ததற்கு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஓராண்டில் நான் யார் யாரோடு மல்லுக்கு நின்றேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். சிங்கப்பூரின் தேக்காவில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு மேலே, அப்பா அவனுக்காகவே சுவரில் நீளமாக ஒரு பலகை அடித்து வைத்திருந்தார். அதில் கோப்பைகள், பதக்கங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ்கள். இடம் போதாமல் சில சான்றிதழ்கள் சட்டமில்லாமல் ஓர் உறைக்குள் அடுக்கப்பட்டிருந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் காலணியைக் கழற்றியதும் முதலில் அந்தப் பலகையைப் பார்த்தாக வேண்டும். காப்பி அதற்குப் பிறகுதான். பார்த்து முடித்தவர்கள் மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, “இவ எப்படி?” என்று கேட்பார்கள்.

“இவ நல்லா சாப்பிடுவா,” என்பார் அம்மா.

தொடக்கநிலை நான்காம் வகுப்பின் முடிவில் நடந்த பரிசளிப்பு விழாவில்தான் எனக்கு வழி தெரிந்தது. மண்டபத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. பாடப் பரிசுகள் முடிந்தன, விளையாட்டுப் பரிசுகள் முடிந்தன. கடைசியாக, முழு வருகைக்கான பரிசு என்று அறிவித்தார்கள். மேடையேறியவன் எங்கள் வகுப்புப் பையன். அவன் எதிலும் கெட்டிக்காரன் அல்லன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கில் அவனுக்கும் எனக்கும் ஒரே மதிப்பெண், வெளியே சொல்லிக்கொள்ள முடியாத மதிப்பெண். ஆனால் பள்ளி முதல்வர் அவனுக்கும் அதேபோலத்தான் கைகொடுத்தார். அதே சிவப்பு அட்டை, அதே புகைப்படம், அதே கைதட்டல்.

இதற்கு மூளை வேண்டாம், உடம்பு போதும் என்று கண்டுகொண்டேன். என்னிடம் உடம்பு இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா சிரிப்பார். அம்மா ‘அதுக்குப் பதிலா படிச்சு வாங்கு’ என்பார். அண்ணன் ஒன்றுமே சொல்ல மாட்டான். மூன்றிலும் அதுதான் மோசம்.

ஜனவரியில் நான் வேறு பெண்ணாக மாறினேன். ஐஸ் போட்ட எதையும் தொடவில்லை. உணவங்காடியில் அப்பா எனக்குப் பண்டோங் வாங்கித் தந்தால், அந்த ரோஜாப் பாலில் மிதந்த ஐஸ் கட்டிகளைக் கரண்டியால் அள்ளி அவருடைய குவளைக்குள் போட்டுவிட்டு, வெதுவெதுப்பானதைக் குடித்தேன். எம்ஆர்டி ரயிலில் யாராவது இருமினால் அடுத்த பெட்டிக்கு நடந்தேன். மழை பெய்தால் விடும்வரை பள்ளியிலேயே காத்திருந்தேன். ஓடிப்பிடித்து விளையாடுவதை விட்டேன், முட்டி பெயர்ந்தால் என்ன ஆவது? இரவு ஒன்பது மணிக்குப் படுத்தேன். தலைமாட்டில் ஒரு கடிகாரம், அது அடித்தும் தூங்கிவிட்டால் எழுந்து நடந்து அணைக்கும்படி சமையலறையில் இன்னொன்று. உறவுக்காரக் குழந்தை மூக்கு ஒழுகிக்கொண்டு முத்தம் கொடுக்க வந்தபோது கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் குழந்தையின் அம்மா அதை நெடுநாள் மறக்கவில்லை.

“பொறுப்பு வந்துருச்சு இவளுக்கு,” என்று அம்மா மலேசியாவின் ஈப்போவில் இருந்த சித்தியிடம் தொலைபேசியில் சொல்வது காதில் விழுந்தது. அது பொறுப்பு அல்ல, பேராசை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நூருல். அவளும் ஒரு நாள்கூட விடாமல் வந்துகொண்டிருந்தாள். ஆனால் அவளுக்கு அது இலட்சியம் இல்லை, பழக்கம். அவளுடைய தாத்தா காலையில் தம் டாக்சியில் கொண்டுவந்து பள்ளி வாசலில் நிறுத்துவார், அவள் இறங்குவாள், அவ்வளவுதான். எத்தனையாவது நாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என்னிடம் யார் எப்போது கேட்டாலும் நான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஏப்ரலில் முதல் சண்டை வந்தது. அம்மாவின் தங்கையான அந்தச் சித்திக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை மாலை நலங்கு, ஞாயிறு காலை முகூர்த்தம். வியாழக்கிழமையே கிளம்ப வேண்டும் என்றார் அம்மா.

“ஸ்கூலுக்கு லெட்டர் குடுத்துடலாம். ரெண்டு நாள்தானே.”

“நான் வரல.”

“என்ன வரல? சொந்தச் சித்தி கல்யாணம்.”

“லெட்டர் குடுத்தாலும் ஆப்சென்ட் ஆப்சென்ட்தான்.”

“நீ ஒரு நாள் போகலேன்னா ஸ்கூல மூடிருவாங்களா?” என்றார் அப்பா.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். நான் நினைத்தபடியே அப்பா சிரித்தார். அவர் விமான நிலையத்தில் இரவு நேரப் பழுதுபார்ப்பு வேலையில் இருந்தார். “வந்ததுக்கெல்லாமா பரிசு குடுக்குறாங்க? அப்படின்னா எனக்கு எத்தனை குடுத்திருக்கணும்!” அம்மா கெஞ்சினார், மிரட்டினார், புதுப் பாவாடை சட்டையை எடுத்துக் காட்டினார். நான் சாப்பாட்டு மேசையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மேசையோடு சேர்த்துத்தான் என்னை ஈப்போவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நிலை வந்ததும், அம்மாவும் அண்ணனும் முன்னால் போவது, நானும் அப்பாவும் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கிளம்புவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் அப்பா பையோடு நின்றார். இரவு வேலை முடித்துவிட்டு அவர் தூங்கவில்லை. எல்லையைக் கடக்கும் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அப்பா என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நலங்கு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தி கன்னத்து மஞ்சளோடு வந்து என்னைப் பார்த்து, “வந்துட்டாங்களா பிரதமர்? ஸ்கூல் நல்லா நடக்குதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியின் கன்னத்தில் மஞ்சள் பூச முடியாமல் போனதற்காக அன்று நான் வருந்தினேனா என்றால், இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய சண்டை. நோன்புப் பெருநாளுக்கு முந்திய திங்கட்கிழமை காலையில் எழுந்தபோதே தொண்டை எரிந்தது, தலை கனத்தது. அந்த வாரங்களில் ஏதோ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்ததால் தினமும் வகுப்பு தொடங்கும்போது நாங்கள் எல்லோரும் நாக்குக்கு அடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்து ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அளவுக்கு மேலே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஐஸைத் தொடாதவள் அன்று உறைபெட்டியைத் திறந்தேன். ஒரு குப்பி நிறைய ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வகுப்பு தொடங்குவதற்கு முன் கழிவறைக்குள் நின்று, ஒவ்வொரு கட்டியாக வாயில் போட்டு, பல் கூச, கண்ணில் நீர் வர அடக்கிக்கொண்டேன்.

வெப்பமானியைப் பார்த்த ஆசிரியர் புருவத்தை உயர்த்தினார். உடம்பு இவ்வளவு குளிர்ந்திருக்கிறதே, நான் மீனா, மனுஷியா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பக்கத்தில் நூருல் நோன்பு வாயோடு களைத்துப்போய் மேசையில் தலை சாய்த்திருந்தாள். நானும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பித் தலை சாய்த்துக்கொண்டேன். என் மூச்சு எனக்கே சுட்டது.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே கடத்தினேன். மாலையில் அம்மா கண்டுபிடித்துவிட்டார். அவர் மருத்துவமனையில் தாதி உதவியாளர், தொடாமலே காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு. முப்பத்தொன்பது இருந்தது. கீழே இருந்த கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர், வியாழன் எப்படியும் பெருநாள் விடுமுறை, புதன் ஒரு நாள் ஓய்வெடுத்தால் போதும் என்று சொல்லி, ஒரு நாளுக்கு எம்சி எழுதித் தந்தார். மற்ற பிள்ளைகள் அந்த விடுப்புச் சீட்டுக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடிப்பார்கள். நான் அதை மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

“அதக் கிழிச்சா காய்ச்சல் போயிருமா?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார். அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும். அப்பா இரவு வேலை முடிந்து வீடு திரும்ப எட்டு மணி ஆகும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் ஆபத்து.

“நான் போனதும் கேட்டைப் பூட்டிடு. அப்பா வர்ற வரைக்கும் இவ வெளிய போகக்கூடாது. சாவி உன் பாக்கெட்ல இருக்கணும். உனக்கு லேட் ஆகுமா?”

“பரவால்ல. ஃபர்ஸ்ட் பீரியட் சார் கோர்ஸுக்குப் போயிட்டாரு, கிளாஸ் இல்ல,” என்றான் அண்ணன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நான் சீருடை போட்டு, பையை மாட்டி, ஐஸ் குப்பியோடு வாசலுக்கு வந்தேன். அண்ணனும் சீருடையில்தான் இருந்தான். இரும்புக் கிரில் கேட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் புத்தகம் இல்லை, கைபேசி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

“திற.”

“போய்ப் படு.”

நான் பையோடு கிரில்லில் ஏறினேன். கம்பிகளுக்கு நடுவே கால் வைத்து, மேல் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஏறினால் என்ன பயன் என்று யோசிக்கவில்லை. மேலே கூரைவரை கம்பிதான். ஆனால் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன்.

“எறங்கு. விழப்போற.”

“திற. இல்லேன்னா கத்துவேன். பக்கத்து வீட்டு அங்கிள் வருவாரு.”

“அம்மா என்னைக் கொன்னுருவாங்க.”

“உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உனக்குத்தான் அவ்ளோ பரிசு இருக்கே.”

அண்ணன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். “வேணும்னா எடுத்துக்க,” என்றான். “எல்லாத்தையும் எடுத்துக்க. என் பேர அழிச்சிட்டு உன் பேர எழுதித் தர்றேன்.” தட்டில் மீந்த பிஸ்கட்டை என் பக்கம் தள்ளுகிறவனைப்போல அதைச் சொன்னான்.

“எனக்கு உன்னது வேணாம். எனக்கு என்னது வேணும்.”

அவன் மறுபடி என் பக்கம் திரும்பினான்.

“இத யாரு உன்ன வாங்கச் சொன்னா?” என்று கேட்டான்.

“யாரும் சொல்லல.”

“யாருமேவா?”

“யாருமே. அப்பாகூடச் சிரிச்சாரு. நீயும்தான் பாத்தியே.”

அண்ணன் எழுந்தான். காற்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். கேட்டோடு சேர்ந்து நானும் வெளிப்பக்கமாக ஆடிப்போனேன். அவன் என்னைப் பிடித்து இறக்கி, நெற்றியில் கைவைத்துப் பார்த்து, என் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

பள்ளிக்குப் பத்து நிமிட நடை. அவன் எனக்காக மெதுவாக நடந்தான். பூக்கடைகளில் அப்போதுதான் சரங்களை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். காய்கறி லாரி ஒன்று பாதையை மறித்துக்கொண்டு நின்றது. எனக்கு எல்லாமே ஆடுவதுபோல இருந்தது. பள்ளி வாசலில் பையைத் தந்துவிட்டு அவன் திரும்பினான். அவனுடைய பள்ளிக்குப் பேருந்தில் போக வேண்டும், நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. அவன் அங்கே போகவில்லை. எம்ஆர்டி நிலையம் இருந்த பக்கமாக நடந்தான். பார்த்தேன், அவ்வளவுதான். மணி ஏழு இருபது. எனக்கு ஐஸ் கட்டிகள் கரைந்துகொண்டிருந்த கவலை.

அன்றும் வெப்பமானி என் பக்கம்தான் இருந்தது. ஆனால் இடைவேளையில், சிற்றுண்டிச்சாலையில் எல்லோருக்கும் முன்னால், வாந்தி எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா இரவு வேலைக் களைப்பில், நான் அறையில் தூங்குகிறேன் என்று நினைத்துப் படுத்துவிட்டிருந்தார்; பள்ளியிலிருந்து அம்மாவை அழைத்தார்கள். அவர் தாதி உடுப்போடு மூச்சு வாங்க வந்தார். ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தியபோது நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காலையில் என் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்தாயிற்றா? குறித்தாயிற்று என்றார். நான் நிம்மதியாக அம்மாவோடு வீட்டுக்குப் போனேன்.

மாலையில் அம்மா அண்ணனை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

“நீயா தெறந்துவிட்டே?”

“ஆமா.”

“ஏன்?”

“அவ கேட்டா.”

“கேட்டா தெறந்துருவியா? உனக்கு அறிவிருக்கா?”

அண்ணனைப் பார்த்து ‘அறிவிருக்கா’ என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. போர்வைக்குள் படுத்தபடி அதைக் கேட்டு, உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மகிழ்ந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் தேறிப் பள்ளிக்குப் போனேன். நூருலின் இருக்கை காலியாக இருந்தது. திங்கட்கிழமையும் காலி. செவ்வாய்க்கிழமை அவள் மெலிந்துபோய் வந்தாள். பெருநாள் முழுவதும் காய்ச்சலில் படுத்திருந்தாளாம். பச்சை நிறத்தில் தைத்த புது பாஜு குரோங் உடை கதவிலேயே தொங்கியதாம். பெருநாளுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அவள் இதையெல்லாம் வேடிக்கைபோலச் சொன்னாள்.

முழு வருகைப் பரிசு அவளுக்கும் கிடைத்திருக்கும், இப்போது போய்விட்டது என்றேன்.

“அப்படி ஒரு பரிசு இருக்கா?” என்று கேட்டு நூருல் சிரித்தாள். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, எனக்காக எடுத்துவைத்திருந்த அன்னாசி பிஸ்கட்டுகளை நீட்டினாள். நான் வாங்கித் தின்றேன். ஐஸ் குப்பியைப் பற்றி அவளிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்த ஆண்டில் நான் செய்தவற்றில் எனக்கு வருத்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். மற்ற எதற்கும் இல்லை.

ஆண்டின் கடைசி வாரம் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். பரிசளிப்பு விழா வியாழக்கிழமை, பெற்றோரை அழைத்து வரும்படி கடிதம் தந்தார்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். செவ்வாய்க்கிழமை மாலை வாசலில் மணி அடித்தது. அண்ணனுடைய வகுப்பாசிரியர் நின்றிருந்தார். அண்ணனுக்கு இன்னொரு பரிசு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார், அம்மா காப்பி போட உள்ளே போனார்.

அந்த ஆண்டில் அண்ணன் நாற்பத்திரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை என்றார் ஆசிரியர். பள்ளியிலிருந்து அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் அப்பாவின் எண் என்று படிவத்தில் இருந்த எண்ணிலிருந்து பதில் வந்திருக்கிறது: காய்ச்சல், வயிற்று வலி, குடும்பத்தில் ஒரு சாவு. கடைசியில் சந்தேகப்பட்டு நேரில் வந்திருக்கிறார். அப்பா அந்த எண்ணை வாங்கிப் பார்த்தார். அது அண்ணனுடையது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிவங்களையெல்லாம் நிரப்புவது அண்ணன்தான். அவன் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அப்பா அவனிடமே தந்துவிடுவார்.

ஆசிரியர் போன பிறகு அம்மா அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“எங்கடா போனே?”

“எம்ஆர்டில.”

“எம்ஆர்டில எங்க?”

“எங்கயும் இல்ல. இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி. அப்புறம் திரும்பி.”

“யாரோட?”

“தனியாத்தான்.”

“உனக்கு என்னதான்டா வேணும்?”

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். விடையை மறைக்கிறவனைப்போல அவன் முகம் இல்லை. கேள்வியே விளங்காதவனைப்போல இருந்தது.

“டாக்டராகணும்னு நீதானேடா சொன்னே?”

“நீங்க சொன்னீங்க. நான் சரின்னேன்.”

அப்பா கையில் அந்த எண் எழுதிய தாளை வைத்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சமையலறையில் நின்று ரொட்டி தின்றேன்.

எனக்கு அவன்மேல் வந்த கோபம் வேறு மாதிரியானது. அவன் திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நாற்பத்திரண்டு நாள்! ஒரு நாளுக்காக நான் கம்பியில் தொங்கியிருக்கிறேன். இவன் நாற்பத்திரண்டை அப்படியே தண்டவாளத்தில் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அதோடு, அண்ணனைப் பற்றிப் பேச அவனுடைய பள்ளி முதல்வர் அப்பாவையும் அம்மாவையும் வரச் சொன்ன நாள் எது? வியாழன் காலை. என்னுடைய வியாழன்.

“நீ ஏற்கெனவே ஜெயிச்சுட்ட இல்ல, அம்மா வந்துதான் ஆகணுமா?” என்றார் அம்மா. அவர் கண்கள் வீங்கியிருந்தன. ஆகணும் என்றேன். அவர்கள் அண்ணனுடைய பள்ளிக்குத்தான் போனார்கள்.

விழா மண்டபத்தில் முழு வருகைக்காக மூன்று பேரை அழைத்தார்கள். என் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் ஆசிரியர் பாதியில் தடுமாறினார். முதல்வரின் கை குளிர்ந்திருந்தது. புகைப்படத்துக்காகத் திரும்பியபோது மண்டபத்தின் பின்வரிசையில், பெற்றோர் நின்ற இடத்தில், ஓர் அழுக்கு டி-சட்டையோடு அண்ணன் நிற்பதைப் பார்த்தேன். அவன் இரண்டு விரல்களை வாயில் வைத்து மண்டபமே அதிரும்படி விசிலடித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. புகைப்படத்தில் நான் முறைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

அண்ணன் பிறகு டாக்டராகவில்லை. அடுத்த ஆண்டு தேர்வுகளைச் சுமாராக எழுதி, இரண்டு மூன்று படிப்புகளைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டு, கடைசியில் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையைத் தானே தேடிப் போய்ச் சேர்ந்தான். அப்பா அவனோடு சரியாகப் பேச நெடுங்காலம் ஆயிற்று. இப்போது பேசுகிறார்கள். ஆனால் அன்று, விழா முடிந்த அந்தப் பகல் பன்னிரண்டு மணிக்கு, இதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. அவனும் நானும் வெயிலில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். நான் சிவப்பு அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவனோடு வருபவள் அல்லள் என்று காட்டிக்கொள்ள இரண்டடி முன்னால் நடந்தேன். சிராங்கூன் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்ததால் நிற்க வேண்டியதாயிற்று.

“ஒண்ணு கேக்கவா?” என்றான்.

“என்ன?”

“தெனமும் போகணும்னு இருந்துச்சா உனக்கு?”

“ஆமா.”

“எப்படி? காலைல எந்திரிச்ச உடனே தானா வருமா அது? இல்ல, நீயா வரவழைக்கணுமா?”

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு பரிசு வாங்கியவன், என் ஒற்றைப் பரிசை வைத்துக் கேலி செய்கிறான் என்று எனக்குப் பட்டது.

“உனக்கெல்லாம் புரியாது லா,” என்றேன்.

விளக்கு பச்சைக்கு மாறியது. நான் வேகமாகக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் இன்னும் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஆட்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதற்குப் பதில் கிடைக்காததால்தான் அவன் காலெடுத்து வைக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பச்சை விளக்கின் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் பொறுமையிழந்து, அட்டையை ஆட்டி ஆட்டி, “வாயேன்! எவ்ளோ நேரம் நிப்பே!” என்று கத்திக்கொண்டிருந்தேன்.